எடுக்கக் கூடாத அழைப்பு

அன்று காலை பொன்னையனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

நான் புட்டும் பழமும் பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு மணி அடித்து நிற்க வேண்டியது நிற்காமல் முழுவதும் அடித்து ஓய்ந்தது. ‘கை தவறி அடித்துவிட்டுக் கட் பண்ண மறந்துவிட்டார் மனுஷன்’ என்று நினைத்தேன். திரும்பவும் அடித்தது. போன் திரையில் அவர் பெயர்தான். மூன்றாவது முறை அடித்தபோது, கை கழுவாமலே எடுத்து ஏசினேன்.

“என்னவே, பட்டன் கையில ஒட்டிக்கிட்டா? கட் பண்ணும் ஓய்.”

அந்தப் பக்கம் அவர் மகள் ஷீபா பேசினாள்.

“மாமா, நான் ஷீபா. அப்பா போயிட்டாரு மாமா.”

மைக் செட் பொன்னையனை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் படிப்பகத்தின் ஆண்டு மலரைப் படிக்கிற எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார். பலர் வீட்டு அடக்கத்திலும். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா என்றால் பத்து நாள் அவரைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அவரைப் பற்றி எழுத வாத்தியார்மார் எத்தனையோ பேர் இருக்க, பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ஒரே கணக்கில் தோற்ற என்னை, மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவனை, எழுதச் சொன்னார்கள். ‘நீரு தான் அவரோட டெய்லி பேசினவரு’ என்று செயலாளர் சொன்னார். அங்கேதான் தப்பு. நாங்கள் பேசவில்லை. பல வருடம், தினமும், பேசாமல் இருந்தோம்.

அது தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். என் மனைவி இறந்த வருடம் அது. அவர் மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். ஷீபாவை மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. என் மகன் ஜெபின் ஷார்ஜாவில். ஒரு நாள் மாலை பொன்னையன் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஓய், நம்ம ரெண்டு பேரு வீட்லயும் காலைல கதவத் தட்ட ஆளில்ல.”

“அதுக்கு?”

“நான் காலைல எழும்பி ஒரு மிஸ்டு கால் அடிப்பேன். ரெண்டு மணி. எடுக்காதேயும். நீரு திருப்பி ரெண்டு மணி அடியும். நான் எடுக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

“எடுத்தா?”

“எடுத்தா காசு. பெறவு பேச வேற செய்யணும். பேச என்ன கெடக்கு நம்மகிட்ட?”

“ஒரு நாளு அடிக்காட்டி?”

“அடிக்காட்டி சட்டையப் போட்டுட்டு வாரும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “டெஸ்டிங்தான் வே. சத்தம் போகுதான்னு பாக்கியது. பாட்டு பெறவு பாத்துக்கிடலாம்” என்றார்.

ஏற்பாட்டை நான் ஒரு முறை மீறினேன். ஜெபின் அனுப்பிய பெரிய போன் வந்த புதிது. அதை எப்படிச் சார்ஜ் போடுவது என்பதில் எனக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு. ஒரு காலை அது செத்துக் கிடந்தது. நான் நிம்மதியாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேட்டருகே மொபெட் சத்தம். பொன்னையன் வந்து நிற்கிறார். பின்னால் கயிற்றில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், தோளில் வயர்ச்சுருள், சட்டை உள்பக்கம் வெளியே தெரிய, உள்வெளியாக.

“உயிரோட இருக்கீரா?”

எனக்கு வாய் நிறைய நுரை. தலையை ஆட்டினேன்.

“பல் தேய்க்க நேரமிருக்கு. ரெண்டு மணி அடிக்க நேரமில்ல. அங்க கல்யாண வீட்ல பொண்ணு எறங்கப் போறா, பாட்டு இல்லாம நிக்கியாவ. நான் இங்க இந்த மூஞ்சியப் பாக்க வந்து நிக்கியேன்.”

அவர் திட்டி முடிக்கும்வரை நான் துப்பவில்லை. துப்பினால் எதிர்த்துப் பேசினதாக எடுத்துக்கொள்வார். போகும்போது சட்டையைச் சரியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். “ஒமக்காகத்தான் அவசரத்துல இப்பிடிப் போட்டேன், கெடக்கட்டும்” என்று அப்படியே போனார். அந்தக் கல்யாண வீட்டு வீடியோவில் அவர் உள்வெளியாகத்தான் இருப்பார்.

அவர் தொழிலில் பெரிய சத்தக்காரர். ஆனால் சாவு வீட்டில் அவர் கை தனி. கூட்டத்தில் யாராவது மைக்கைப் பிடித்து இறந்தவரை விட்டுவிட்டுத் தன் பெருமை பேச ஆரம்பித்தால், பொன்னையன் பைய குமிழைத் திருகுவார். பேசுகிறவருக்குத் தன் சத்தம் குறைவது தெரியாது, இன்னும் கத்துவார், இவர் இன்னும் திருகுவார். நான் ஒரு தடவை கேட்டதற்கு, “சாவு வீட்ல சத்தம் கொறச்சு வைக்கணும் ஓய். அழுகியவங்க கொரலு கேக்கண்டாமா?” என்றார்.

அவர் அடக்கத்துக்கு வேறு ஊரிலிருந்து மைக் செட் வந்திருந்தது. காது கிழிகிற சத்தம். ஷீபா அழுவது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. குமிழைத் திருக ஆளில்லை.

இனி சொல்லப்போவது அடக்கத்துக்கு முன் அந்த வீட்டில் நடந்தது.

பொன்னையனை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுத் தங்கபாய். பால் வாங்கி வரும் வழியில், வராந்தா நாற்காலியில் தலை சாய்ந்திருக்கிறதே என்று கிட்டே போயிருக்கிறாள். கையைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தக் கை இன்னும் குளிர்ந்தது. மதியத்துக்குள் ஊர் முடிவுக்கு வந்துவிட்டது: மனுஷன் ராத்திரியே போயிருக்கிறார், யாரும் அறியாமல் விடிய விடியக் கிடந்திருக்கிறார்.

ஷீபாவுக்கு அதுதான் தாங்கவில்லை. சாவை அவள் ஏற்றுக்கொண்டாள். கிடந்ததை ஏற்றுக்கொள்ளவில்லை.

“நேத்து சாயங்காலம் கூப்பிடணும்னு நெனச்சேன் மாமா. பிள்ளைக்குப் பரீட்சைன்னு விட்டுட்டேன். ராத்திரி பூரா தனியாக் கெடந்திருக்காரு. நான் அங்க ஃபேன் போட்டு உறங்கியிருக்கேன்.”

“இல்ல மக்கா” என்றேன். “காலைல எனக்கு மிஸ்டு கால் அடிச்சாரு.”

அவள் தலையைத் தூக்கினாள். “எப்ப?”

“வெளுக்கியதுக்கு முன்ன. எப்பவும் போல. நானும் திருப்பி அடிச்சேன்.”

“காட்டுங்க மாமா.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அழைப்புப் பட்டியலைத் திறக்கிறேன் என்று விரலை வைத்தேன். என் விரல் பம்பு கழற்றிய விரல், தொட்டால் அழுத்தும். எல்லா வரியிலும் சின்னச் சின்னதாக டிக் விழுந்தது. போன் ஏதோ கேட்டது. போன் ஏதாவது கேட்டால் ‘சரி’ என்று அழுத்துவதுதான் என் வழக்கம். ஜெபினும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். அழுத்தினேன். பட்டியல் வெள்ளையாகிவிட்டது.

ஷீபா அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் இருந்த அவள் சித்தி அவள் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்: “விடு மக்கா. ஒன் சமாதானத்துக்குச் சொல்லியாரு.”

நான் வாழ்க்கையில் பொய் சொல்லாதவன் இல்லை. சொன்ன பொய்யை எல்லாம் நம்பிய ஊர், அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை.

பொன்னையனின் போனைப் பார்த்தோம். அது பழைய பட்டன் போன். வந்ததும் போனதும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வரிதான். புதிதாக அடித்தால் பழைய நேரம் போய்விடும். காலையில் தங்கபாய் சொல்லி ஓடி வந்த ஷீபா அதை எடுத்தபோது மேலே என் பெயர் கிடந்திருக்கிறது. நேரம் பார்க்கத் தோன்றுமா? அதிலிருந்தே எனக்கு அடித்திருக்கிறாள். நான் எடுக்காததால் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். இப்போது அதில் இருந்தது அவள் அடித்த நேரம் மட்டும்.

வாசலில் இருந்த ஒருவர், போன் கெட்டுப்போனால் அரிசிக்குள் போட்டு வைத்தால் சரியாகும் என்றார். எனக்கு அப்போது யார் எதைச் சொன்னாலும் வேதவாக்கு. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு வில்சன், முகம் வெளிறி நிற்கிறான்.

“ஒமக்கு ஒண்ணுமில்லியே? ஜெபின் ஷார்ஜால கெடந்து துடிக்கியான். போன் போவலியாம். எங்க ஒம்ம போன்?”

“அரிசியில கெடக்கு.”

“தண்ணியில விழுந்தா?”

“இல்ல. லிஸ்டு அழிஞ்சு போச்சு.”

வில்சன் என்னை உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டு வந்து தந்தான். தன் போனில் ஜெபினைக் கூப்பிட்டு, அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் கொஞ்ச நாள் யாராவது கூட இருப்பது நல்லது என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னான்.

ஷீபா வீட்டுக்குப் பக்கத்தில் மார்த்தாண்டத்தில், அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு மொபைல் கடை உண்டு என்றார்கள். அதற்கு முன்னால், சிம் கார்டு விற்கும் இடத்தில் கேட்டுப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: “நாங்க தர்ற லிஸ்ட்டுல பேசின காலுக்குத்தான் கணக்கு வரும் சார். எடுக்காத கால் வராது.” இத்தனை வருடம் ஒரு காசு கொடுக்காமல் கம்பெனியை ஏய்த்துவிட்டோம் என்று நானும் பொன்னையனும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனிக் கணக்குப்படி, பொன்னையன் என்கிறவர் எனக்குப் போனே செய்ததில்லை.

ஷீபாவைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தாள். நம்பி வந்தாளா, கிழவர் மனது நோகக் கூடாது என்று வந்தாளா, தெரியவில்லை.

கடைக்காரர் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி கட்டியிருந்தார். போனின் ஓட்டையிலிருந்து அரிசி மணி ஒன்றை ஊசியால் எடுத்து மேசையில் வைத்தார்.

“இதுக்கு அரிசியில போட்ட முதல் ஆளு நீங்கதான்.”

“சொன்னாவ” என்றேன்.

“அரிசி ஒண்ணும் செய்யாது. ஆனா ஆஃப் பண்ணிப் போட்டது நல்லதாப் போச்சு. அழிச்சா ஒடனே போவாது, உள்ள கெடக்கும். புதுசா வாற கால் அது மேல விழுந்து விழுந்துதான் பழசு போவும். நீங்க போன யூஸ் பண்ணாததால பாதியாவது கெடக்கும்.”

என் மடத்தனத்தால் ஒரு நல்லது நடந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துப் பாக்கலாம். வந்தா வரும். சில நேரம் போனுல உள்ளது மொத்தமும் போயிரும். சம்மதமா?”

ஷீபா என் கையைப் பிடித்தாள். “பேரப்பிள்ள போட்டோ எல்லாம் இருக்கே மாமா. வேண்டாம்.”

“அது ஷார்ஜாவுலயும் இருக்கு மக்கா” என்றேன். “இது வேற எங்கயும் இல்ல.”

கம்ப்யூட்டரில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு ஒரு பயம் வந்தது. அன்று காலை அடித்தது நிச்சயமா? கட்டிலில் கிடந்தபடி இரண்டு மணி கேட்டேன், திருப்பி அடித்தேன் என்று நினைவிருக்கிறது. ஆனால் அது அதற்கு முந்தின நாளாக இருந்தால்? அதற்கு முந்தின நாளும் அப்படித்தானே கேட்டேன்? பேசியிருந்தால் ‘மழை பெய்ததைச் சொன்ன நாள்’, ‘முட்டு வலியைச் சொன்ன நாள்’ என்று பிரித்துச் சொல்லலாம். எல்லா நாளும் ஒரே இரண்டு மணி என்றால், எது எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? பட்டியலில் அந்தக் காலை இல்லாவிட்டால், நான் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் அப்பா ராத்திரியே போனார் என்று கம்ப்யூட்டரில் காட்டினவனாவேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஷீபா என் கையை விடவில்லை.

வரிகள் வரத் தொடங்கின. பெயர் சிலதில் இல்லை, வெறும் எண். நடுநடுவே ஓட்டை. கடைக்காரர் உருட்டிக்கொண்டே போனார். ஜெபின் வாட்ஸப்பில்தான் கூப்பிடுவான். அது இதில் வராது. அதனால் பட்டியலில் பெரும்பாலும் ஒரே எண். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“யாரு சார் இந்த ஆளு? காலையும் காலையும் அடிக்காரு. ஒரு வாட்டி கூட நீங்க எடுக்கலியே. கடன்காரனா?”

ஷீபா சிரித்துவிட்டாள். அவள் அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. “எங்கப்பா” என்றாள்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு வேகமாக உருட்டினார். பட்டியலின் கடைசிக்கு வந்தோம். இறந்த நாளுக்கு முந்தின நாள் இருந்தது. அதன் பிறகு ஒரு ஓட்டை.  அவர் ஏதோ தட்டினார். வரிசை மாறி விழுந்தது. அந்த நாள் வந்தது.

மிஸ்டு கால். காலை ஐந்து பன்னிரண்டு. அதன் கீழே நான் அடித்தது. பேசிய நேரம் இரண்டிலும் பூஜ்யம்.

ஷீபா எழுந்து போய் அந்தக் கண்ணாடித் திரையில் விரலை வைத்தாள். கடைக்காரர் தூசு துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

“அப்ப அப்பா எழும்பியிருக்காரு” என்றாள்.

“ஆமா மக்கா.”

“கட்டஞ்சாயா குடிச்சிட்டுத்தான் போனக் கையில எடுப்பாரு. சாயா குடிக்காம யாருகிட்டயும் மொகம் குடுக்க மாட்டாரு.”

“ஆமா.”

“அப்ப சாயாவும் குடிச்சிருக்காரு மாமா.”

அதற்குப் பிறகு அவள் நன்றாக அழுதாள். அடக்கத்தன்று அழுதது போல அல்ல. நான் அவளை அழ விட்டேன். கடையின் வாசலில் பஸ் ஹாரன் அடித்துப் போனது. கடைக்காரர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அவள் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் அந்தத் திரையை இன்னொரு முறை பார்த்தேன். பொன்னையனின் எண்ணில் இருந்து வந்து, நான் எடுத்துப் பேசியதாக ஒரே ஒரு வரி இருந்தது. பச்சை நிறம். அது ஷீபா எனக்குச் செய்தி சொன்ன அழைப்பு. இத்தனை வருடத்தில் அவர் பெயரில் வந்து நான் எடுத்த ஒரே அழைப்பில், பேசியது அவர் இல்லை.

உங்களில் பலரிடம் அவர் குரல் இருக்கும். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று அவர் சொல்வது உங்கள் கல்யாணக் கேசட்டிலும் சிடியிலும் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். என்னிடம் அதுவும் இல்லை. தினமும் கேட்கிற குரலை யார் பிடித்து வைப்பார்கள் என்று சொல்லலாம் என்றால், நான் தினமும் கேட்கவும் இல்லை. அவர் சொன்ன ஒன்றிரண்டு பேச்சும், உள்வெளியாகப் போட்ட ஒரு சட்டையும்தான் என் கையில் இருக்கிறது. பேச என்ன கிடக்கிறது என்று கேட்டாரே, கிடந்தது என்று இப்போது தோன்றுகிறது. என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முட்டு வலியைச் சொல்லியிருப்பேன்.

அவரிடமிருந்து என்னோடு தங்கியது ஒரு விழிப்பு. முன்பு நான் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குகிறவன். என் மனைவி தண்ணீர் தெளித்து எழுப்புவாள். பொன்னையன்தான் என்னை வெளுக்கும் முன் விழிக்கிறவன் ஆக்கினார். இப்போதும் விழிக்கிறேன். சாயா போடுகிறேன். ஷார்ஜாவில் அப்போது நடு உறக்கம். ஷீபா பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் எழுந்துகொண்டிருப்பாள். நான் அடித்தால் என்னவோ ஏதோவென்று பதறிவிடுவாள். போனைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறேன். எல்லாரும் நல்லவர்கள், அடித்தால் உடனே எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் இருக்கத் தெரிந்த ஆள் யாருமில்லை.